உள்ளபோதே உவப்போம்

(இராயப்பேட்டையில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



செயலாளர் அவர்கள் சென்ற வாரம் எம் இல்லம் போந்து, சமூக முன்னேற்றத்தைப் பற்றி ஏதேனும் பேசவேண்டுமெனப் பணித்தார். கல்வி, வாணிகம், உத்தியோகம், திருமணச் செலவு முதலிய பொருள்களைக் குறித்து இம்மேடையில் பன்முறை பேசப்பட்டுள்ளது. அவற்றை எம்மினும் நன்கறிந்தார் பலர் இங்கு வீற்றிருக்கின்றனர். ஆதலின், யாம் மிகச் சிறியதொரு பொருளை எடுத்துக்கொண்டோம். அன்றாட வாழ்வில் எளிதிற் கிட்டும் இன்பங்களைக் காலம் உள்ளபோதே நுகர்தல் வேண்டும் என்பதே அப்பொருள். 'இதற்கும் ஒரு சொற்பொழிவு வேண்டுமோ?' எனச் சிலர் நகைத்தல் கூடும். நகைப்பவரை யாம் நோவோம் அல்லேம். நாற்பது வயதில் இப்பேச்சைக் கேட்டிருப்பின் யாமும் நகைத்தே இருப்போம். எழுபது கடந்த பின், பெருவிலை கொடுத்து யாம் கற்ற பாடம் இஃது. அவ்விலை இன்னதென்பதை இறுதியிற் கூறுவோம்.

எளிய இன்பம் என்று யாம் கூறுவது யாது? பெரும்பொருள் செலவிடாமலும், பிறரை வருத்தாமலும், எவர் வாயிலிலும் காத்து நில்லாமலும் கிட்டுவது எதுவோ அதுவே எளிய இன்பம். அதனைத் தேடி இமயத்திற்குச் செல்லவேண்டுவதில்லை. இந்த இராயப்பேட்டையிலேயே தேடிப் பார்ப்போம். வைகறையில் பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழுகின்றது. சிறிது பொழுதிற்கெல்லாம் கோயில் மணி ஒலிக்கின்றது. ஞாயிற்றுக்கிழமையாயின் மாதாகோயில் மணியும் அவற்றோடு சேர்கின்றது. அடுக்களையில் காப்பி டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும் மணம் கூடம்வரை பரவுகின்றது. வாயிலில் தெளித்த நீரின் ஈரம் உலருமுன் கோலம் பிறக்கின்றது. ஜாம்பஜாரில் கீரைக்கட்டுகள் நீர் தெளித்து அடுக்கப்பெற்றுள்ளன. பூக்காரம்மாள் முழம் போட்டு அளந்தபின், கேளாமலே இரண்டு விரற்கடை கூட்டித் தருகின்றார். சித்திரையில் வேம்பு பூக்கின்றது. தள்ளுவண்டியில் நுங்கு வருகின்றது. ஐப்பசியில் முதல் மழை விழுந்தவுடன் மண் மணக்கின்றது.

இவை எல்லாவற்றிற்கும் மேலாகச் சென்னை நகருக்கு இயற்கை அளித்த கொடை ஒன்றுண்டு. அதுவே கடற்காற்று. பகலில் நிலம் கடலினும் விரைவாகச் சூடேறுகின்றது. நிலத்தின் மேலுள்ள வெங்காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடல்மேலுள்ள குளிர்காற்று உள்ளே புகுகின்றது. அதன் இயல்பு இவ்வளவே. ஆனால், கோடைப் பகலெல்லாம் வெந்து கிடந்த உடம்பிற்கு அஃது எத்துணைப் பேறு! அமீர் மகாலின் மாடத்தில் வீசும் அதே காற்று, சந்தினுள் ஒற்றை அறையில் குடியிருப்பானது சாளரத்திலும் வீசுகின்றது. அது வாடகை கேட்பதில்லை, குலமும் கேட்பதில்லை.

இத்துணைச் செல்வமும் நம்மைச் சூழ்ந்திருக்க, நாம் அதனைக் காணாதிருப்பது எற்றுக்கு? பழக்கம் என்பதே விடை. நாள்தோறும் கிடைப்பதைக் கண் காண்பதில்லை. மணிக்கூண்டை ஆயிரம் முறை கடக்கின்றோம். அதன் வடிவை நினைவிலிருந்து வரைந்து காட்டுக எனின், நம்மில் எத்துணைப் பேரால் இயலும்?

இதற்குச் சான்று நமது அண்டையிலேயே உண்டு. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்று விளங்கும் கட்டடத்தை யாவரும் அறிவீர்கள். 1897ஆம் ஆண்டு சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கினமையால் அதற்கு அப்பெயர் வந்தது. எனினும், முதியோர் இன்றும் அதனை ஐஸ் ஹவுஸ் என்றே வழங்குவர். அமெரிக்க நாட்டு ஏரிகளில் பனிக்காலத்தில் உறைந்த கட்டிகளை அறுத்து, கப்பலேற்றி, பல மாதம் கடல் கடத்திக் கொணர்ந்து சேமித்தற்பொருட்டு, டியூடர் என்பாரது வாணிகக் குழுவினர் 1842ஆம் ஆண்டளவில் எழுப்பிய கட்டடம் அது. ஒரு குவளை நீரைக் குளிரச் செய்தற்கு அன்று கப்பல் வேண்டியிருந்தது. அதனைப் பருகும் பேறும் செல்வர் சிலர்க்கே வாய்த்தது. இன்று அப்பனிக்கட்டி எளியோர் இல்லத்திலும் உண்டு. அதனைக் கையிலேந்தி வியப்பார் எவருளர்? குழந்தைகள் மட்டுமே வியக்கின்றனர். அவர்களையும் சளி பிடிக்குமென அதட்டுகின்றோம்.

பனிக்கட்டி கிடக்கட்டும், தண்ணீரையே நோக்குவோம். 2019ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்னும் நான்கு நீர்நிலைகளும் வறண்டன. லாரிக்காக நள்ளிரவில் குடங்களை வரிசை வைத்துக் காத்திருந்தோம். அவ்வாண்டு ஒரு குடம் நீர் நிரம்பும் ஓசை நமக்கு வீணையொலியினும் இனிதாக இருந்தது. பின்னர் மழை பெய்தது. குழாயில் நீர் வந்தது. ஒரு திங்களுக்குள் அவ்வினிமையை மறந்தோம். இன்பம் உள்ளபோது அதனை அறியோம். அஃது அகன்றபின் அதன் அருமையைப் பேசுவோம். மாந்தர் வாழ்வின் பெரும்பிழை இதுவென்றே யாம் கருதுகின்றோம்.

இப்பிழை நமக்கே உரியதன்று. ஹெலன் கெல்லர் என்னும் அமெரிக்க அம்மையாரை இளைஞர்கள் அறிந்திருப்பார்கள். பத்தொன்பது திங்கட் குழவியாய் இருந்தபோதே நோயினால் கண்ணும் செவியும் இழந்த அவ்வம்மையார், மூன்று நாள் மட்டும் பார்வை கிடைப்பின் தாம் எவற்றைக் காண விழைவார் என்பது குறித்து 1933ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வரைந்தார். காட்டில் நெடுநேரம் உலவி மீண்ட தோழி ஒருவரிடம், 'என்ன கண்டீர்?' என அவர் வினவினாராம். குறிப்பிடத்தக்கது ஒன்றுமில்லை எனத் தோழி விடை பகர்ந்தாராம். இலையைத் தொட்டும், மரப்பட்டையைத் தடவியுமே நூறு இன்பங்களைப் பெற்றுவந்த அம்மையார்க்கு அவ்விடை பெருவியப்பாயிற்று. அத்தோழி வேறு யாரும் அல்லர், நாமே.

அன்பர்களே! பிற நாட்டுச் சான்று போதும். நமது இராயப்பேட்டைத் தெருக்களில் நடந்த பெரியார் ஒருவரது வாழ்வை இனி நோக்குவோம். தமிழ்த்தென்றல் திரு. வி. கலியாணசுந்தரனாரையே குறிப்பிடுகின்றோம். 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26இல் துள்ளம் என்னும் சிற்றூரில் தோன்றிய அவர், இராயப்பேட்டையில் வளர்ந்தார். இங்குள்ள வெஸ்லி பள்ளியிற் பயின்றார். அக்கல்விச்சாலையிலேயே தமிழாசிரியராகவும் அமர்ந்தார். 1917ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வேலையைத் துறந்து 'தேசபக்தன்' ஆசிரியரானார். 1920இல் 'நவசக்தி'யைத் தொடங்கினார். இங்கிருந்த சாது அச்சுக்கூடம் அவரது உழைப்பிற்குக் களமாயிற்று. இவற்றை நீங்கள் அறிவீர்கள். யாம் கருதும் செய்தி வேறு.

அவருக்கு 1912ஆம் ஆண்டு திருமணம் நடந்தது. கமலாம்பிகை அம்மையார் வாழ்க்கைத் துணையாயினார். பிறந்த குழந்தைகள் இருவரும் பிள்ளைப் பருவத்திலேயே மறைந்தனர். 1918ஆம் ஆண்டு செப்டம்பரில் அம்மையாரும் மறைந்தார். ஆறே ஆண்டு இல்லறம்! அப்போது திரு.வி.க.வுக்கு வயது முப்பத்தைந்து. அவர் மறுமணம் புரிந்தாரல்லர். இத்தகைய இடியேறுண்ட நெஞ்சம் உலகை வெறுத்திருப்பின் யாரேனும் குறை கூறுவரோ? கூறார். ஆயின், அவர் உலகை வெறுத்தாரா? 1925ஆம் ஆண்டு 'முருகன் அல்லது அழகு' என்னும் நூலை வெளியிட்டார். முருகு என்னும் சொல்லுக்கு மணம், இளமை, கடவுட்டன்மை, அழகு என நான்கு பொருள் காட்டி, மலையிலும் காட்டிலும் கடலிலும் பொலியும் அழகே இறைமை என்பதை அதில் நிலைநாட்டினார். 1927ஆம் ஆண்டு 'பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை' என்னும் நூலை வெளியிட்டார். துணையை இழந்தவர் துணையின் பெருமையை எழுதினார். ஆறாண்டு இல்லறத்தை அவர் உள்ளபோதே உவந்து வாழ்ந்தமையால் அன்றோ, அஃது அவருக்கு வாழ்நாள் முழுமைக்கும் போதுமான செல்வமாயிற்று? நாற்பதாண்டு இல்லறம் நடத்தியும் வறியராய் நிற்பாரை யாம் அறிவோம்.

முதுமையில் அவருக்கு மற்றொரு சோதனை வந்தது. எழுத்தே வாழ்வாகக் கொண்ட அவரது கண்ணொளி மறைந்தது. இயற்கையின் அழகைக் கண்டு கண்டு எழுதியவர்க்கு இதனினுங் கொடிய இழப்பு யாது? ஆயினும், அவர் வாய் ஓயவில்லை. தாம் சொல்லப் பிறர் எழுதச் செய்யுள் நூல்கள் செய்தார். 1950ஆம் ஆண்டு வெளிவந்த நூலொன்றின் பெயரை எண்ணிப் பாருங்கள்: 'இருளில் ஒளி.' அடுத்த ஆண்டில் 'முதுமை உளறல்' வந்தது. 1953இல், 'வளர்ச்சியும் வாழ்வும்' என்னும் நூலுக்குப் 'படுக்கைப் பிதற்றல்' என மறுபெயரும் இட்டார். தம் முதுமையையும் நோயையும் தாமே எள்ளி நகைக்கும் அப்பெயர்களில் எத்துணைத் தெம்பு! அவ்வாண்டு செப்டம்பர் 17இல், தமது எழுபதாம் அகவையில் அவர் உலகு நீத்தார். கண் உள்ளபோது நன்கு கண்டவர்க்குக் கண் போனபின்னும் காட்சி போவதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. காணாமலே எழுபதாண்டு கழித்தவர்க்கோ, கண் இருந்தென்ன, போயென்ன?

இனி, எமது கூற்றுக்கு எழும் தடைகள் இரண்டினை ஆராய்வோம்.

முதற்றடை பெரியோர் சிலரிடமிருந்து எழும். 'வாழ்வு நிலையில்லாதது, ஆதலின் சிற்றின்பங்களிற் கருத்தைச் செலுத்தாது மேலானவற்றை நாடுக என்றன்றோ சான்றோர் கூறினர்? நீர் மாறாகப் பேசுகின்றீரே!' என்பர். அன்பர்களே! நிலையாமை என ஓர் அதிகாரமே வகுத்தவர் திருவள்ளுவர். வாழ்நாளின் சுருக்கத்தை அவரினும் தெளியக் கண்டவர் எவர்? அவரே மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில், குழந்தை கைவிட்டுக் கலக்கிய உணவை அமிழ்தினும் உயர்த்திப் பேசினார். குழலையும் யாழையும் குழந்தையின் பேச்சுக்குப் பின்னே நிறுத்தினார். ஒரே நூலில் இவ்விரண்டும் இருப்பது முரணாமோ? முரணன்று. நிலையாமையை உணர்ந்தவனுக்கே குழந்தையின் கை அமிழ்தாகத் தோன்றும். அக்கை நாளை வளர்ந்துவிடும், பள்ளிக்குப் போகும், பின்னர்க் கடல் கடந்து அமெரிக்காவிற்கோ ஆஸ்திரேலியாவிற்கோ போகும். 'உடை கறையாகின்றது' என அக்கையைத் தட்டிவிடுபவன் நிலையாமையை உணராதவன். ஆதலின், நிலையாமை இன்பத்திற்குப் பகையன்று; இன்பத்தின் அருமையை விளக்கும் விளக்கு அது.

இரண்டாந்தடை உழைப்பாளரிடமிருந்து எழும். 'கடற்காற்றும் மல்லிகையும் ஓய்வுடையார்க்கன்றோ? வயிற்றுப்பாட்டிற்கே பொழுது போதாதவர்க்கு இவை எதற்கு?' என்பர். இத்தடை மெய்யானது, மதிக்கத்தக்கது. இதற்கு விடையும் அத்திரு.வி.க.வின் வாழ்விலேயே உள்ளது. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவர். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் அன்று கூறிய முதற் குறைகளுள் ஒன்று எது என நினைக்கின்றீர்கள்? நண்பகல் உணவிற்கு விடும் இடைவேளை போதவில்லை என்பதே! அமர்ந்து, மென்று, வயிறார உண்ணப் பொழுது வேண்டுமென அவர்கள் கேட்டனர்.

அற்றை நாள் சட்டத்தையும் அறிதல் நன்று. 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி நெசவாலைகளில் ஆடவரை நாளொன்றுக்குப் 12 மணி நேரம் வேலை வாங்கலாம். 1922இல் அது 11 மணியாகவும், வாரத்திற்கு 60 மணியாகவும் குறைந்தது. 1934ஆம் ஆண்டின் சட்டம் நாளுக்கு 10, வாரத்திற்கு 54 என வரையறுத்தது. 1948ஆம் ஆண்டின் சட்டம் நாளுக்கு 9, வாரத்திற்கு 48 என்று ஆக்கியது. இவ்வெண்களை வெறும் கணக்கென்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு மணியும் ஒரு மாலைப்பொழுது. குழந்தை உறங்குமுன் தந்தை வீடு திரும்பும் பொழுது. அதன்பொருட்டு நம் முன்னோர் வேலை இழந்தனர்; பட்டினி கிடந்தனர்; சிறையும் புகுந்தனர். எனவே, எளிய இன்பம் செல்வர்க்கே உரியதென்பது பொருந்தாது. அதனை யாவர்க்கும் உரியதாக்கப் போராடுதல் அறம். கிட்டியபின் நுகராது பாழாக்குதல், போராடினோர்க்கு இழைக்கும் நன்றிக்கேடு. அவர்கள் குருதி சிந்திப் பெற்ற மாலைப்பொழுதை நாம் கைப்பேசியின் கண்ணாடியில் விரல் தேய்த்துத் தீர்க்கின்றோம்!

பணம் உடையாரும் இதில் தேறியவரல்லர், அறிவுடையாரும் தேறியவரல்லர். சார்லஸ் டார்வின் என்னும் பேரறிஞர் தமது வாழ்க்கை வரலாற்றில் ஒரு குறையை மனமொப்பி எழுதியுள்ளார். இளமையிற் கவிதையிலும் இசையிலும் திளைத்த தமக்கு, நெடுங்காலம் ஆராய்ச்சி ஒன்றிலேயே மூழ்கியதன் பயனாக, முதுமையில் அவற்றின் சுவையே அற்றுப்போயிற்று என வருந்தினார். மீண்டும் ஒருமுறை வாழ நேரின், வாரத்திற்கு ஒருமுறையேனும் சிறிது கவிதை படிப்பதையும் இசை கேட்பதையும் விதியாகக் கொள்வேன் என்னும் கருத்தையும் எழுதிவைத்தார். இதில் நமக்குரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. இன்பத்தை ஒத்திவைத்தால் அது வட்டியோடு பெருகிக் காத்திருக்கும் என எண்ணுகின்றோம். அஃது அவ்வாறு காத்திருப்பதில்லை. பயன்படுத்தாத கை சூம்புவதுபோல, நுகராத மனமும் சூம்புகின்றது.

அன்பர்களே! முதலில் யாம் குறித்த விலையை இப்பொழுது கூறுவோம். சபையில் தம் வீட்டுச் செய்தி பேசுதல் முறையன்று என்பதை அறிவோம். எனினும், பிறர் குற்றத்தைக் கூறி அறிவுரை சொல்வதினும் தம் குற்றத்தைக் கூறிச் சொல்வது நேர்மையாம்.

எம் வாழ்க்கைத் துணைவியார் காவிரிக் கரையில் ஒரு சிற்றூரிற் பிறந்தவர். மணமாகி இராயப்பேட்டைக்கு வந்தபின்னரே கடலைக் கண்டார். எம்மிடம் அவர் நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. வாரம் ஒரு மாலை கடற்கரையில் அமர்ந்து, சுண்டல் தின்று, விளக்கேற்றும் நேரத்திற்கு வீடு திரும்பவேண்டும். அவர் கேட்டது அவ்வளவே. எம் இல்லத்திலிருந்து கடற்கரை இரண்டு கல் தொலைவும் இராது. மணமான புதிதில் சில முறை சென்றோம். பின்னர் அலுவலகத்தில் மேல்வேலை வந்தது. அதன்பின் பெண்மக்களின் படிப்பு. அதன்பின் அவர்களது திருமணம். அதன்பின் வீட்டுக் கடன். ஓய்வு பெற்றபின் போகலாம் என்றோம். ஓய்வு பெற்றோம், நமது சங்கத்தின் கணக்கை எழுத ஒப்புக்கொண்டோம். அதற்குள் அவருக்கு முழங்கால் வலி கண்டது. மணலில் நடத்தல் அரிதாயிற்று. ஆயினும் ஆசை விடவில்லை. 2020ஆம் ஆண்டு மாசித் திங்களில் ஒரு நாள், 'கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடப்பேன். ஒரு மாலை போய்வருவோமா?' என்று கேட்டார். யாம் யாது விடை கூறினோம்? 'மார்ச்சுக் கணக்கு முடியட்டும். ஏப்ரலிற் போவோம்' என்றோம்.

மார்ச்சு 25இல் ஊரடங்கு வந்ததை யாவரும் அறிவீர்கள். கணக்கு நின்றது, கடற்கரையும் மூடப்பட்டது. எவர் வேண்டுமாயினும் எப்பொழுது வேண்டுமாயினும் செல்லலாம் என இருந்த இடத்திற்கு எவரும் செல்லலாகாது என்ற நிலை பிறந்தது. அத்திங்கள்களில் அவர் மாலைதோறும் எம் தோளைப் பற்றிக்கொண்டு மாடியேறுவார். காற்று வந்தவுடன், 'நாம் போகாவிட்டாலும் கடல் ஆள் அனுப்பிவிட்டது பாருங்கள்' என்பார். அதுவே அவருக்கு விழாவாக இருந்தது. ஐப்பசியில் ஒரு விடியலில் நெஞ்சுவலி வந்தது. அன்று மாலை அவர் இல்லை. டிசம்பர் 14இல் கடற்கரையைத் திறந்துவிட்டனர். சில நாள் கழித்து யாம் மட்டும் சென்றோம். சுண்டல் விற்கும் சிறுவன், 'ஒன்றா, இரண்டா ஐயா?' என்று கேட்டான். 'ஒன்று' என்றோம். அச்சொல்லைச் சொல்ல எமக்குச் சிறிது பொழுது பிடித்தது.

அவ்வாண்டின் சங்கக் கணக்கு ஒரு காசு பிழையின்றி முடிந்தது. அதற்காக இம்மேடையிலேயே எம்மைப் பாராட்டினீர்கள். அப்பாராட்டைக் குறை கூறுவோம் அல்லேம். கடமை செய்யத்தக்கதே. கடமையைச் செய்தமைக்கு யாம் வருந்தவில்லை. கடமைக்கும் கடற்கரைக்கும் பகை உண்டென்று நம்பியமைக்கே வருந்துகின்றோம். ஒரு மாலைப்பொழுது கணக்கேட்டை மூடிவைத்திருந்தால் எந்தத் தொகை குறைந்திருக்கும்?

இனி, சங்கத்தார்க்கு எமது விண்ணப்பம்.

முதலாவது, நாம் ஒன்றுகூடுவது எப்பொழுது? திருமணத்திலும் சாவிலுமே. பெரியவர் ஒருவர் நோயுற்று ஈராண்டு படுக்கையில் கிடப்பார். அவரருகே கால்மணி நேரம் அமர்ந்து பழங்கதை கேட்க உறவினருக்குப் பொழுதிராது. அவர் கண்மூடியவுடன் நாற்பது வண்டிகள் தெருவை அடைத்து நிற்கும். மாலைகள் மலையாகக் குவியும். பதினாறாம் நாள் சிற்றுண்டி வகைகளைப் பற்றி ஒரு வாரம் பேச்சு நடக்கும். அம்மாலைகளின் மணம் யாருக்கு? அச்சிற்றுண்டியின் சுவை யாருக்கு? உயிரோடிருந்தபோது ஒரு முழம் பூவும், ஒரு குவளை காப்பியும், அரைமணிப் பேச்சும் அவருக்கு விருந்தாக இருந்திருக்கும். சாவுச் செலவைச் சுருக்குக என்று இச்சங்கம் பலமுறை கூறியுள்ளது. யாம் அதனோடு ஒன்று கூட்டுகின்றோம்: சாவு வீட்டிற்குச் செல்லும் பொழுதில் ஒரு பகுதியை, அதற்கு முன்பே அவ்வீட்டிற்குக் கொடுங்கள்.

இரண்டாவது, நாளில் ஒருவேளை உணவையேனும் வீட்டார் அனைவரும் ஒருங்கிருந்து உண்க. அப்பொழுது கைப்பேசி வேறு அறையில் கிடக்கட்டும். உண்டதன் சுவையைச் சமைத்தவரிடம் வாய்திறந்து கூறுக. நாற்பதாண்டு உண்டும் ஒரு நாளேனும் 'நன்றாக இருக்கின்றது' எனக் கூறாத ஆடவர் இக்கூட்டத்தில் உளராயின், அவர்கள் இன்றிரவே தொடங்குக. தாய்மார்கள் திடுக்கிட்டு, 'உடம்புக்கு என்ன?' என வினவினும் அஞ்சற்க, மறுநாளும் கூறுக.

மூன்றாவது, சங்கத்தின் பெயரால் திங்களுக்கு ஒரு மாலை, நடக்க இயலாத முதியோரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் பணியை இளைஞர் பகுதியினர் ஏற்றல் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலியிலேயே அலையின் அண்மைவரை செல்லுமாறு மெரினாவில் மரப்பாதை ஒன்று 2022ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. எம் இல்லத்தார்க்கு அஃது ஈராண்டு பிந்திவிட்டது. உங்கள் இல்லத்தார்க்குப் பிந்தவில்லை. ஒரு வண்டியின் வாடகையும், நான்கு இளைஞர்களின் இரண்டு மணி நேரமுமே இதற்கு வேண்டுவன. முதல் ஆறு திங்களின் வண்டி வாடகையை யாம் ஏற்கின்றோம். இதனைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களை வேண்டுகின்றோம்.

இளைஞர்களே! 'பொருள் சேர்த்தபின் வாழ்வோம்' என எண்ணாதீர்கள். பொருளைச் சேருங்கள், சேர்க்கும்போதே வாழுங்கள். நடுவயதினரே! உங்கள் பிள்ளை இன்று உங்கள் முதுகில் ஏறுகின்றான். அவன் கடைசியாக ஏறிய நாள் எது என்பதை அந்நாள் உங்களுக்கு அறிவித்துவிட்டுப் போகாது. முதியோரே! நமக்கு இன்னும் பொழுது உண்டு. இன்றைய மாலை நமதே. ஓர் இன்பத்தையேனும் அதன் பெயர் சொல்லி வாழ்த்திவிட்டு உறங்கச் செல்வோம்.

எமக்களித்த நேரம் முடிந்தது. நிகழ்ச்சி நிரலில் நன்றியுரை எஞ்சியுள்ளது. அது நம் செயலாளர் அவர்களின் வழக்கம்போல் நீளாது, இன்று ஒரு வாக்கியத்தில் முடியுமாயின் நன்றாம். சாளரத்தின் வழியே கடற்காற்று வரத் தொடங்கிவிட்டது. வெளியே இன்னும் அரைமணி வெளிச்சம் இருக்கின்றது.